குடும்பத்தில் வருவதெல்லாம் பரம்பரையா?

ஆண்டுதோறும் ஜூலை 28-ஆம் நாள் உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மருத்துவமனைகளில் கருத்தரங்குகள் நடக்கின்றன, பேரணிகள் புறப்படுகின்றன. அந்த நாள் ஒரு தனிமனிதரின் பிறந்த நாள் என்பது பலருக்குத் தெரியாது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து, அதற்கான தடுப்பூசிக்கும் வழிவகுத்த பாரூக் புளூம்பெர்க் 1925-ஆம் ஆண்டு அதே நாளில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார்.

புளூம்பெர்க் வைரஸைத் தேடிச் சென்றவர் அல்லர். அவர் தேடியது மரபு வேறுபாட்டை. ஒரே நோய்க்கிருமி ஒருவரைப் படுக்கையில் தள்ளுகிறது. பக்கத்தில் இருப்பவரைத் தொடாமலே விடுகிறது. அவ்விருவரும் பிறப்பிலேயே கொண்டுவந்த வேறுபாடு இதற்குக் காரணமாக இருக்குமா என்பதே அவரது வாழ்நாள் கேள்வி. அந்தக் கேள்வியைத் துரத்திச் சென்ற வழியில்தான் வைரஸ் எதிர்ப்பட்டது.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்றவன். ஆயினும் இவரது வாழ்க்கை என்னைத் தொடர்ந்து ஈர்த்து வந்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும் துன்பத்தைப் பிறவியிலேயே வந்தது என்று எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். அந்த முடிவு எப்போது சரி, எப்போது பிழை என்பதை அவரது வாழ்க்கை போலத் தெளிவாகக் காட்டுவது அரிது.

யூதக் குடும்பத்தில் பிறந்த புளூம்பெர்க், சிறு வயதில் ஹீப்ரு மொழியும் சமய நூல்களும் கற்பித்த பள்ளியில் படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார். 1946-இல் இயற்பியலில் பட்டம் பெற்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதம் பயிலத் தொடங்கினார். தந்தையின் யோசனையின் பேரில் மருத்துவத்துக்கு மாறி, 1951-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

மருத்துவ மாணவராக இருந்தபோது சில மாதங்கள் தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டில் மொயெங்கோ என்னும் சுரங்க நகரில் பணியாற்றினார். அதுவே அவரது பாதையைத் தீர்மானித்தது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காகப் பல தலைமுறைகளுக்கு முன் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அந்நாட்டில் வாழ்ந்தனர். ஆப்பிரிக்க வம்சாவளியினர், இந்தியர்கள், ஜாவா தீவினர், சீனர்கள் என அனைவரும் அருகருகே வசித்தனர். ஒரே மண், ஒரே கொசு. ஆனால், யானைக்கால் நோய் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்கவில்லை. இந்த ஏற்றத்தாழ்வு இளம் புளூம்பெர்க்கின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் சேர்ந்து 1957-இல் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அந்தோணி ஆலிசனின் நட்பு கிடைத்தது. அரிவாள் உயிரணு மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு மலேரியாவின் கடுமை குறைகிறது என்பதை 1954-இல் நிறுவியவர் ஆலிசன். மரபு வேறுபாடு ஒரு தொற்றுநோயின் போக்கை மாற்றும் என்பதற்கு அன்று கிடைத்த மிக உறுதியான சான்று அது. ரத்தத்தில் உள்ள புரதங்களில் இதுபோன்ற வேறுபாடுகள் இன்னும் எத்தனை ஒளிந்திருக்கின்றன என்று தேடுவதைப் புளூம்பெர்க் தம் பணியாக்கிக்கொண்டார். நைஜீரியா தொடங்கி உலகின் பல பகுதிகளிலிருந்து ரத்த மாதிரிகளைத் திரட்டினார்.

அவரும் ஆலிசனும் கையாண்ட முறை எளிமையானது. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளியின் உடலுக்குள் பிறருடைய புரதங்கள் சென்றிருக்கும். தன் உடலில் இல்லாத புரதம் எதையேனும் அந்த உடல் சந்தித்திருந்தால், அதற்கு எதிர்ப்பொருளை உருவாக்கியிருக்கும். அந்த எதிர்ப்பொருளைக் கொண்டு, மனிதருக்கு மனிதர் வேறுபடும் புரதங்களைக் கண்டுகொள்ளலாம். இந்த வழியில் 1961-இல் கொழுப்புப் புரதங்களில் மரபுவழி வேறுபாடு ஒன்றை அவர்கள் கண்டறிந்தனர்.

1963-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹார்வி ஆல்ட்டர் என்னும் இளம் மருத்துவருடன் இணைந்து இதே சோதனையைச் செய்துகொண்டிருந்தார். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோஃபீலியா நோயாளி ஒருவரின் ரத்த நீர், பல இனத்தவரின் மாதிரிகளுள் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் மாதிரியோடு மட்டும் வினைபுரிந்தது. அதுவரை அறியப்படாத அந்தப் பொருளுக்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயர் வைத்தார்கள். 1965-இல் அதுபற்றிய கட்டுரை வெளிவந்தது.

அது என்ன என்பது யாருக்கும் புரியவில்லை. ஆரோக்கியமான அமெரிக்கர்களிடம் அது மிக அரிதாகவே காணப்பட்டது. ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் பரவலாக இருந்தது. ரத்தப் புற்றுநோயாளிகளிடமும் மிகுந்திருந்தது. அது பிறவியில் வரும் ஒரு மரபுப் பண்பு என்றும், அதை உடையவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்றும் புளூம்பெர்க் கருதினார். பிலிப்பைன்ஸின் செபு தீவிலும் பூகன்வில் தீவிலும் குடும்பம் குடும்பமாகச் சோதித்தபோது, ஆன்டிஜென் சில குடும்பங்களில் திரண்டிருந்தது. அது பரவியிருந்த விதமும் மெண்டலின் மரபு விதிக்குப் பொருந்துவதுபோல் தோன்றியது.

அக்கருத்தை அவரே மேலும் சோதித்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே அவர்களிடமும் ஆன்டிஜென் மிகுதியாக இருக்க வேண்டும் என்று கணித்தார். கணிப்பு பலித்தது. பெரிய காப்பகங்களில் வாழ்ந்த டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரிடம் அது இருந்தது. ஆனால், அதே குறைபாட்டோடு பிறந்த பச்சிளங் குழந்தைகளிடமும் சிறிய இல்லங்களில் வளர்ந்தவர்களிடமும் அது அரிதாகவே காணப்பட்டது. பிறவிப் பண்பு என்றால் வசிக்கும் இடத்தைப் பொறுத்து மாறக் கூடாதே!

1966-இல் விடை கிடைக்கத் தொடங்கியது. முதல் சோதனையில் ஆன்டிஜென் இல்லாதிருந்த ஒரு நோயாளிக்குச் சில மாதங்களுக்குப் பிறகு அது தோன்றியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் அவருக்குக் கல்லீரல் அழற்சி வந்திருப்பதும் தெரியவந்தது. அடுத்த ஆண்டு அவரது ஆய்வகத்தில் பணிபுரிந்த பார்பரா வெர்னருக்கு உடல்நலம் குன்றியது. ஐயப்பட்ட அவர் தம் ரத்தத்தைத் தாமே சோதித்தார், ஆன்டிஜென் இருந்தது. மஞ்சள் காமாலையும் தொடர்ந்தது. பின்னர் அவர் முழுமையாகக் குணமடைந்தார். பிறவிப் பண்பு ஒருவருக்கு வயதுவந்த பிறகு திடீரென்று முளைக்காது. மரபுப் பண்பு என்று கருதப்பட்டது உண்மையில் ஒரு வைரஸின் மேலுறைப் புரதம்.

அப்படியானால் குடும்பங்களில் அது திரண்டிருந்தது ஏன்? வைரஸை உடலில் தாங்கியிருக்கும் தாயிடமிருந்து பிரசவ நேரத்தில் குழந்தைக்கு அது தொற்றுகிறது. பிறக்கும்போது தொற்றுக்கு ஆளாகும் குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு அது உடலில் நிலைத்துவிடுகிறது. வளர்ந்த பின் தொற்றுக்கு ஆளாவோரில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே நிலைக்கிறது. பிறப்பில் தொற்றிய மகள் தாயாகும்போது அவளது குழந்தைக்கும் அது செல்கிறது. தாய், மகள், பேத்தி என்று தொடரும் இந்தச் சங்கிலி, பார்ப்பதற்கு அச்சாகப் பரம்பரை போலவே இருக்கும். ஆனால், அது பரம்பரை அன்று. ஒவ்வொரு பிரசவத்திலும் நிகழும் புதிய தொற்று.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. என் மாணவர் ஒருவரின் தாய்மாமன்கள் இருவர் நடுவயதில் கல்லீரல் சுருங்கி இறந்தார்கள். இருவரும் மதுவைத் தொட்டதில்லை. குடும்ப வியாதி என்றார்கள் உறவினர்கள். குலசாபம் என்றார்கள் சிலர். மாணவரின் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் ஹெபடைடிஸ் பி தெரியவந்தது. பிறகு தாய்க்கும் சித்திக்கும் சோதித்தபோது அவர்களிடமும் இருந்தது. சாபம் என்று சொல்லப்பட்டது, ஒரு பாட்டியிடமிருந்து பிரசவத்தின் வழியே வந்த வைரஸ். அவரது தங்கையின் குழந்தைக்குப் பிறந்த அன்றே தடுப்பூசி போடப்பட்டது. அந்தக் குழந்தையோடு சங்கிலி அறுந்தது.

பொருளாதாரம் படித்தவனுக்கு இதில் பழகிய பாடம் ஒன்று உண்டு. வறுமையும் குடும்பங்களில் தொடர்கிறது, கல்வியின்மையும் தொடர்கிறது. தந்தையைப் போலவே மகன் என்று பார்த்துவிட்டு, அது அவர்கள் பிறப்பின் குணம் என்று தீர்ப்பெழுதியவர்கள் வரலாறு நெடுகிலும் இருந்திருக்கிறார்கள். தொடர்ச்சி என்பது வேறு, பரம்பரை என்பது வேறு. எங்கே அறுக்கலாம் என்று தேடுபவர்களுக்கே அது விளங்கும்.

புளூம்பெர்க்கும் அவரது குழுவினரும் தம் முந்தைய கருத்தைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியைத் தொடர்ந்தார்கள். கொடையாளரின் ரத்தத்தில் ஆன்டிஜென் உள்ளதா என்று பார்க்கும் சோதனை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க ரத்த வங்கிகளில் நடைமுறைக்கு வந்தது. ரத்தம் ஏற்றுவதால் பரவும் கல்லீரல் அழற்சி வெகுவாகக் குறைந்தது.

1969-இல் அவரும் இர்விங் மில்மனும் தடுப்பூசிக்கான வழிமுறையை வகுத்தனர். இந்த வைரஸை ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. ஆனால், நோய்த்தொற்று உள்ளவரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைத் துகள்கள் தனியே ஏராளமாக மிதக்கின்றன. அவற்றுள் மரபணு இல்லாததால் நோயை உண்டாக்க இயலாது. எதிர்ப்பாற்றலை மட்டும் தூண்டும். அவற்றைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தித் தடுப்பூசியாக்கலாம் என்பதே அவர்களது யோசனை. நியூயார்க்கில் 1,083 பேரிடம் நடத்தப்பட்ட சோதனையின் வெற்றி 1980-இல் வெளியாயிற்று. 1981-இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. 1986-இல் ஈஸ்ட் நுண்ணுயிரியைக் கொண்டு உருவாக்கிய தடுப்பூசி வந்தபோது, மனித ரத்தத்தை நம்பியிருக்கும் தேவையும் நீங்கியது. இதற்கிடையே, 1976-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு புளூம்பெர்க்குக்கும் கார்ல்டன் கஜ்டுசெக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

தடுப்பூசியின் முழுப் பயனைத் தைவான் காட்டியது. அங்கே 1984-இல் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளிடையே கல்லீரல் புற்றுநோய், லட்சத்துக்கு 0.70 என்ற அளவிலிருந்து 0.36 ஆகப் பத்தே ஆண்டுகளில் குறைந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயையும் தடுக்கும் என்பதற்கு உலகம் கண்ட முதல் சான்று இது.

தமிழகத்துக்கும் புளூம்பெர்க்குக்கும் ஒரு தொடர்பு உண்டு. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது நம் வீட்டு வழக்கம். அதை அவர் ஏளனமாகத் தள்ளவில்லை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் தியாகராஜன் உள்ளிட்டோருடன் இணைந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1988-இல் லான்செட் இதழில் வந்தது. கீழாநெல்லி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து ஆன்டிஜென் மறைந்ததாகவும், வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்ததாகவும் அது தெரிவித்தது. நம்பிக்கை பெருகியது. ஆனால், பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகள் இந்த முடிவை உறுதிப்படுத்தவில்லை. நாட்டு மருந்தையும் அதே தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பதே அதற்குத் தரும் உண்மையான மரியாதை. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர் கீழாநெல்லியை மட்டும் நம்பி மருத்துவக் கண்காணிப்பைக் கைவிடலாகாது.

அவரது மற்றொரு கருத்து பொருளாதாரத்துக்குள்ளேயே நுழைந்தது. வைரஸைத் தாங்கியுள்ள பெற்றோருக்கு ஆண் குழந்தைகள் சற்றுக் கூடுதலாகப் பிறக்கின்றன என்று கிரேக்க நாட்டிலும் பிற இடங்களிலும் செய்த ஆய்வுகளிலிருந்து அவர் கருதினார். ஆசியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் காணாமல் போயிருக்கிறார்கள் என்று 1990-இல் அமர்த்திய சென் எழுதியதை நான் வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதன் பெரும் பகுதிக்குப் பாலினப் பாகுபாடு அன்றி இந்த வைரஸே காரணம் என்று எமிலி ஆஸ்டர் என்னும் பொருளாதார அறிஞர் 2005-இல் வாதிட்டார். தைவானில் ஏறத்தாழ 30 லட்சம் பிறப்புகளை ஆராய்ந்த இருவர், தாயின் தொற்றால் ஏற்படும் வேறுபாடு மிக அற்பமானது என்று 2008-இல் காட்டினர். ஆஸ்டரும் சீனாவில் புதிதாகத் தரவு திரட்டிப் பார்த்துவிட்டுத் தம் கருத்து நிற்காது என்று தாமே அறிவித்தார். பெண் குழந்தைகள் குறைந்ததற்கு இயற்கை மீது பழிபோட இயலவில்லை. பொறுப்பு சமூகத்திடமே திரும்பி வந்தது.

சரி, புளூம்பெர்க்கின் முதல் கேள்வி என்னவாயிற்று? அது அழிந்துவிடவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து உரிய கருவிகளோடு திரும்பி வந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரலை நேரடியாகப் பெரிதும் அழிப்பதில்லை. தொற்றுள்ள செல்களை நம் உடலின் எதிர்ப்பாற்றலே தாக்குகிறது. அந்தப் போரில் கல்லீரல் சிதைகிறது. எனவே, எதிர்ப்பாற்றலின் பிறவி வேறுபாடுகள் நோயின் போக்கையும் மாற்றுகின்றன. வைரஸின் துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் ஹெச்எல்ஏ மூலக்கூறுகளின் மரபணுக்களில் உள்ள சில வேறுபாடுகளுக்கும், ஹெபடைடிஸ் பி நிலைத்துவிடும் வாய்ப்புக்கும் தொடர்பு இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் கண்டறிந்தனர்.

அதே ஆண்டில் ஹெபடைடிஸ் சி நோய் குறித்தும் ஒரு விடை கிடைத்தது. இன்டர்ஃபெரான் சிகிச்சை சிலருக்கு நன்கு பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. ஐஎல்28பி என்னும் மரபணுவின் அருகில் உள்ள ஒற்றை எழுத்து வேறுபாடு இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று தெரிந்தது. மருந்தின்றித் தானே வைரஸிலிருந்து விடுபடுபவர்களிடமும் அதே வேறுபாடு மிகுந்திருந்தது. கல்லீரலில் கொழுப்பு சேர்வதைத் தூண்டும் பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு வடிவமோ, ஹெபடைடிஸ் சி உள்ளவர்களின் கல்லீரல் விரைவில் தழும்பேறுவதோடு தொடர்புடையது. மொயெங்கோவில் ஒரு மாணவர் கேட்ட கேள்வி வீணாகவில்லை.

ஆனால், அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2013-க்குப் பின் வந்த புதிய மாத்திரைகள், ஐஎல்28பி மரபணு எவ்வடிவில் இருந்தாலும் ஹெபடைடிஸ் சி நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரைக் குணப்படுத்துகின்றன. சிகிச்சைக்கு முன் அந்த மரபணுவைப் பார்க்கும் தேவையே ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. ஹெபடைடிஸ் பி நோயிலும், எந்த மரபணுவைக் காட்டிலும் தொற்று ஏற்பட்ட வயதே முடிவைத் தீர்மானிக்கிறது. பிறப்பு கொடுத்த வேறுபாடு உண்மையானது. அதை மீறும் வழியும் உண்மையானதே.

புளூம்பெர்க் கடைசி வரை ஓய்ந்திருக்கவில்லை. 1989 முதல் 1994 வரை தாம் பயின்ற பேலியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். அப்பொறுப்பை ஏற்ற முதல் அமெரிக்கர் அவரே. 1999-இல் நாசாவின் வானுயிரியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். 2011 ஏப்ரல் 5 அன்று கலிஃபோர்னியாவில் உள்ள நாசா மையம் ஒன்றில் நடந்த கருத்தரங்கில் உரையாற்றிய சிறிது நேரத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 85.

அவர் மறைந்த ஆண்டின் டிசம்பர் மாதத்தில்தான், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி தமிழகத்திலும் கேரளத்திலும் அரசுத் திட்டத்தில் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் அனுமதி கிடைத்து முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. இடையில் நின்றது பெரிதும் விலைதான். ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் உள்நாட்டிலேயே தயாரித்த தடுப்பூசியைக் குறைந்த விலையில் தந்த பிறகே நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு அது எட்டியது. கண்டுபிடிப்புக்கும் குழந்தையின் தொடைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பொருளாதாரமே அளக்கிறது.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் மட்டும் சுமார் 2.98 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோடு வாழ்ந்தனர். இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களோ திருமணப் பேச்சிலும் வேலைவாய்ப்பிலும் புறக்கணிக்கப்படுகிறார்கள். கைகுலுக்குவதாலோ ஒரே தட்டில் உண்பதாலோ இது பரவாது என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் தவணைத் தடுப்பூசி. ஒருவருக்குத் தொற்று உறுதியானால் குடும்பத்தினர் அனைவருக்கும் சோதனை. அரசின் தடுப்பூசி அட்டவணையில் முதல் தவணை இடம்பெற்றிருக்கிறது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசியக் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். விடுமுறை நாளிலும் நள்ளிரவிலும் பிறக்கும் குழந்தைக்கும், வீட்டிலேயே பிறக்கும் குழந்தைக்கும் அந்த ஊசி தவறாமல் கிடைக்கிறதா என்பதையே நாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

எந்த மரபணுவோடு பிறப்பது என்பது எந்தக் குழந்தையின் கையிலும் இல்லை. பிறந்த முதல் நாளில் அதற்கு என்ன கிடைக்கிறது என்பது நம் கையில் இருக்கிறது.